வலி குறைந்த பிறகு

"இப்போது பரவாயில்லை தம்பி. காலையில்தான் உயிரே போய்விடும் போல இருந்தது."

இந்தச் சொற்களை நம்பி நான் மூன்று மணி நேரத்தை வீணாக்கினேன். அந்த மூன்று மணி நேரமும் என்னுடையதல்ல, அந்த அம்மாவுடையது.

அறுவை சிகிச்சைப் படிப்பில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. இரவு 8 மணிக்கு மேல் அவசரப் பிரிவுக்கு வந்தார். வயது 68. காலை 7 மணிக்கு எழுந்து நடக்கும்போது மேல்வயிற்றில் கத்தியைச் செருகியது போல ஒரு வலி. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்கு அருகில் ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். மதியத்துக்குமேல் வலி மட்டுப்பட்டுவிட்டது. "சரியாகிவிட்டது, விடு" என்று அவர் சொல்லியும் கேட்காமல் மகன்தான் அழைத்து வந்திருந்தார்.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பயத்தில் வயிற்றை இறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. அந்த எண்ணை என் கையாலேயே அட்டையில் எழுதினேன். எழுதிய பிறகும் அது எனக்கு எதையும் சொல்லவில்லை. 'கவனிக்கவும். 2 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று கீழே குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். விபத்தில் அடிபட்டவர்கள் வரிசையாக வந்த இரவு அது. இரண்டு மணி நேரம் மூன்றாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவருடைய உதடுகள் வறண்டிருந்தன, கைகள் சில்லிட்டிருந்தன. வயிறு பலகையாகிவிட்டிருந்தது.

இரைப்பைப் புண் ஓட்டை விழுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அறுவை சிகிச்சையின் நுட்பங்களை எழுதத்தான் முதலில் ஆசை வரும். ஆனால் என் மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் விஷயம் வேறு. அந்த மதிய நேரம். வலி குறைந்ததாக எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அந்த மதிய நேரம்.

வயிற்றெரிச்சல், புளியேப்பம், நேரத்துக்குச் சாப்பிடாததால் வரும் வலி என்று எல்லாவற்றையும் 'அல்சர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் உண்மையான புண் என்றால் என்ன என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. இரைப்பையிலோ, அதை அடுத்திருக்கும் முன்சிறுகுடலின் தொடக்கத்திலோ உள்சுவர் அரிக்கப்பட்டு ஒரு பள்ளம் விழுகிறது, அதுதான் புண். பெரும்பாலானவை ஆழமாகாமலே ஆறிவிடும். சில உள்நோக்கித் தோண்டிக்கொண்டே போகும். பின்சுவரில் தோண்டினால் பெரிய ரத்தக்குழாய் ஒன்றை எட்டி ரத்தம் கொட்டும். முன்சுவரில் தோண்டினால் ஒரு நாள் சுவர் முழுவதும் தீர்ந்துபோய் வயிற்றறைக்குள் திறந்துகொள்ளும். அந்தக் கணத்தை நோயாளிகள் மறப்பதில்லை. மற்ற வயிற்றுவலிகளில் "எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் "நேற்றிலிருந்தே" என்பார்கள். இதில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தது போலச் சொல்வார்கள். "பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்." "படியில் மூன்றாவது படி." அந்த அம்மாவும் மணியைச் சொன்னார். நான்தான் கேட்டும் கேட்கவில்லை.

ஓட்டை வழியாக முதலில் வெளியேறுவது அமிலம். வயிற்றறையின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய ஒரு சவ்வு விரித்துப் பூசியது போல இருக்கிறது, பெரிட்டோனியம் என்போம். உடம்பில் வலியை இவ்வளவு துல்லியமாக உணரும் இடங்கள் குறைவு. அதன்மேல் அமிலம் பட்டால் தீக்காயம்தான். நோயாளி அசைய மாட்டார். மூச்சைக்கூட மேலோட்டமாகத்தான் விடுவார். கல்லடைப்பு வலிக்காரர் கட்டிலில் உருண்டு புரளுவார். இவர் கட்டிலை யாரும் ஆட்டக்கூடாது என்று கிடப்பார். சிலருக்குத் தோள்பட்டையின் நுனியில் வலிக்கும். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் கழுத்திலிருந்து வரும் நரம்பு வேர்கள் பொதுவானவை என்பதால், கீழே எரிவது மேலே உணரப்படுகிறது.

பிறகு உடல் தன் வேலையைத் தொடங்குகிறது. வெந்துபோன சவ்விலிருந்து நீர் சுரந்து வயிற்றறையை நிரப்புகிறது. அந்த நீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. எரிச்சல் அடங்குகிறது. நோயாளி கண்ணைத் திறந்து பார்க்கிறார், ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார், சுற்றியிருப்பவர்கள் ஊசி வேலை செய்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். ஆனால் வயிற்றறைக்குள் சேர்ந்த நீர் எங்கிருந்து வந்தது? ரத்த ஓட்டத்திலிருந்து. லிட்டர் கணக்கில். அதனால்தான் நாடி விரைகிறது, சிறுநீர் குறைகிறது. கிருமிகள் அந்த நீரில் பெருகத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் சில மணி நேரத்தில், வலி மறுபடி வரும்போது, அது அமிலத்தின் வலியாக இருக்காது. சீழின் வலியாக இருக்கும்.

பாடப்புத்தகங்களில் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். இரண்டாம் கட்டத்தில் இருந்த ஒரு மனுஷி எதிரில் படுத்து "பரவாயில்லை" என்று சொன்னபோது, படித்ததை விட்டுவிட்டு அவர் சொன்னதை நம்பினேன். முதியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் வயிறு பலகைபோல் இறுகாமலும் இருக்கலாம் என்பதையும் படித்திருந்தேன்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். இதற்கு ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது: நோயாளியைப் பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டை வழியாக வெளியேறிய காற்று மேலே ஏறி உதரவிதானத்துக்கு அடியில் ஒதுங்கும். அவசரத்தில் படுக்கவைத்து எடுத்த படம் எதையும் காட்டாது. ஒழுங்காக எடுத்தாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காற்று தெரியாமலே போகலாம். ஆகவே படம் சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்து. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்தான். அந்த அம்மாவின் படத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. வலது பக்கம், கல்லீரலின் வெண்மைக்கும் உதரவிதானத்தின் கோட்டுக்கும் நடுவே, மூன்றாம் பிறை போலக் கறுப்பாக ஒரு கீற்று. எட்டு மணிக்கே எடுத்திருந்தால் எட்டு மணிக்கே தெரிந்திருக்கும்.

நள்ளிரவு தாண்டி அறுவை அரங்குக்குள் போனோம். எங்கள் தலைமை மருத்துவர் செய்தார், நான் உடன் நின்றேன். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சலைன், ஆன்டிபயாடிக், மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். ஓட்டையை உடனே அடைப்பதல்லவா முக்கியம், ஏன் காத்திருக்கிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும். ரத்த அழுத்தம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உடலுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே இதயம் நின்றுவிடும். காத்திருப்பது போலத் தெரியும் அந்த நேரத்திலும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் வெட்டு. உள்சவ்வைத் திறந்த கணத்தில் 'புஸ்' என்று காற்று வெளியேறியது. அதன் பின்னால் பச்சையும் மஞ்சளும் கலந்த கலங்கல் நீர். உறிஞ்சும் குழாயை வைத்து வைத்து எடுத்தோம். ஜாடி நிறைந்து மாற்றினார்கள். குடல்களின்மேல் வெந்த பாலின் ஆடை போல வெளுத்த படலங்கள் ஒட்டியிருந்தன. தலைமை மருத்துவர் கல்லீரலை மேலே விலக்கச் சொல்லி, இரைப்பையை இடது பக்கம் மெல்ல இழுத்தார். முன்சிறுகுடலின் முன்சுவரில், இரைப்பை முடியும் இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, அது இருந்தது. சட்டைப் பொத்தானின் துளையைவிடக் கொஞ்சம் பெரியது. வட்டமாக, ஓரம் வெளுத்து, தடித்து. ஒவ்வொரு முறை அவர் அழுத்தியபோதும் பித்தம் கலந்த ஒரு சொட்டு அதிலிருந்து எட்டிப் பார்த்தது.

இவ்வளவுதானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. அரைச் சென்டிமீட்டர் துளை.

அதை மூடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிழிந்த துணியைத் தைப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டால் நிற்காது. புண்ணின் ஓரம் வீங்கிச் சிதையும் நிலையில் இருக்கும். நனைந்த காகிதத்தில் நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வருமே, அப்படி வரும். அதனால் ஓரத்திலிருந்து தள்ளி, நல்ல சதையில் ஊசியை இறக்கி, துளையைத் தாண்டி மறுபக்கத்து நல்ல சதையில் எடுக்க வேண்டும். இப்படி மூன்று நூல், நான்கு நூல், முடிச்சுப் போடாமலே நீட்டி வைக்க வேண்டும். பிறகு வயிற்றுக்குள் குடலின்மேல் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரையிலிருந்து, அதன் ரத்த ஓட்டம் கெடாமல், ஒரு நாக்கு அளவு மேலே கொண்டுவந்து துளையின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் நூல்களை முடிச்சிட வேண்டும். இந்தத் திரைக்கு ஒமென்டம் என்று பெயர். ரதர்ஃபோர்ட் மோரிசன் என்ற அறுவை மருத்துவர் இதை வயிற்றின் காவலர் என்றார். வயிற்றில் எங்கே அழற்சி இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு அடைக்கும் குணம் இதற்கு இருக்கிறது. நாம் செய்வது அதைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது மட்டும்தான். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

"இறுக்காதே" என்றார் தலைமை மருத்துவர். கடைசி முடிச்சை என்னிடம் கொடுத்திருந்தார். பயத்தில் நான் இறுக்கத் தொடங்கியிருந்தேன். "நீலம் பாய்ந்தால் அது செத்த சதை. செத்த சதை எதையும் அடைக்காது. நழுவாத அளவுக்கு நிறுத்து." விரல் நுனியில் அந்த அளவைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அடைத்தது பன்னிரண்டு நிமிடம். கழுவியது அதைவிட நீண்ட நேரம். வெதுவெதுப்பான சலைனை ஊற்றி, கல்லீரலுக்கு மேலே, மண்ணீரலுக்குப் பின்னால், இடுப்புக்குழிக்குள், குடல் மடிப்புகளுக்கு இடையில் என்று கையை விட்டுத் துழாவி, உறிஞ்சி, மறுபடி ஊற்றி, வெளியே வரும் நீர் தெளியும்வரை. இந்த வேலையில் புகழ் எதுவும் இல்லை, படம் எடுத்துக் காட்டவும் எதுவும் இல்லை. ஆனால் நான் இப்போது இளையவர்களுக்குச் சொல்லித்தருவதில் தையலுக்குக் கொடுக்கும் நேரத்தைவிட இதற்குக் கொடுக்கும் நேரம் அதிகம்.

இந்தப் பன்னிரண்டு நிமிட வேலையைக் கண்டடைய மருத்துவத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மகள் ஹென்றியெட்டா, பிரெஞ்சு அரச குடும்பத்தில் மணமுடித்தவர், 1670 ஜூனில் ஒரு மாலை பானம் ஒன்றைக் குடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறி, மறுநாள் விடிவதற்குள் இறந்தார். வயது 26. விஷம் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாடுகளும் முணுமுணுத்தன. உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் இரைப்பையில் ஒரு சிறு ஓட்டையைக் கண்டார்கள். கத்தி தவறிப் பட்டிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். கண்ணெதிரே காரணம் இருந்தும் அதைத் தங்கள் கைத்தவறு என்று நினைத்த அந்த மருத்துவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்புகளைப் படித்தவர்கள்தான், அது புண் ஓட்டை விழுந்ததாக இருக்கலாம் என்றார்கள்.

1880இல் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து இரைப்பை ஓட்டையைத் தைத்துப் பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. ஆனாலும் திறக்க வேண்டும், தைக்க வேண்டும், வயிற்றறையைக் கழுவ வேண்டும் என்று அவர் தொடர்ந்து வாதாடினார். 1892இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் ஹொய்ஸ்னர் செய்த அறுவையில்தான் முதன்முதலாக ஒருவர் உயிர் பிழைத்தார். இரண்டு ஆண்டுகளில் லண்டனில் டீன் முன்சிறுகுடல் ஓட்டையை வெற்றிகரமாக மூடினார். ஒமென்டத்தைக் கொண்டுவந்து வைக்கும் உத்தியை 1929இல் செல்லன்-ஜோன்ஸ் எழுதினார். 1937இல் டொரொன்டோவின் ராஸ்கோ கிரஹாம் அதன் இன்னொரு வடிவத்தை எழுதினார். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் 'கிரஹாம் பேட்ச்' என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்வது பெரும்பாலும் செல்லன்-ஜோன்ஸ் சொன்னதற்குத்தான் நெருக்கமானது. கிரஹாம் தனியாக வெட்டி எடுத்த துண்டை வைத்தார். உயிரோட்டத்தோடு இருக்கும் நாக்கை வைப்பது மற்றவருடைய யோசனை. பெயர் நிலைத்தவருக்குப் புகழ், மற்றவருக்கு அடிக்குறிப்பு. இதை எழுதும் இடத்திலாவது அவர் பெயர் வரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

1926 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கில் நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ சுருண்டு விழுந்தார். குடல்வால் அழற்சி போலத் தோன்றிய வலி. உண்மையில் புண் ஓட்டை விழுந்திருந்தது. அறுவை நடந்தது, வயிற்றறை முழுதும் பரவிய தொற்று அடங்கவில்லை, 23ஆம் தேதி இறந்தார். வயது 31. மேலே கசியும் நீர் பெருங்குடலின் வலது ஓரமாகக் கீழே வடிந்து அடிவயிற்றில் தேங்கும். வலி அங்கே தெரியும். மருத்துவர் குடல்வாலைச் சந்தேகிப்பார். இந்த ஏமாற்றத்துக்கு வாலன்டினோவின் பெயரையே வைத்திருக்கிறோம்.

அந்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன்.

தையல் கசியவே இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நாள் சாயம் கொடுத்து எடுத்த படத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. வடிகுழாயில் வந்தது தெளிந்த நீர். அடைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் பதினெட்டு மணி நேரம் வயிற்றுக்குள் ஊறிய தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் சிறுநீரகங்கள் நின்றன. ஏழாம் நாள் நுரையீரல். ஒன்பதாம் நாள் அதிகாலை அவர் இறந்துபோனார். நன்றாக மூடப்பட்ட ஓட்டையோடு.

மகன் என்னிடம், "காலையிலேயே கொண்டுவந்திருந்தால்?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது கேள்வியல்ல, தன்மேலேயே வைத்துக்கொண்ட குற்றம். இரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் நடந்ததை நான் அவரிடம் சொன்னேன். தலைமை மருத்துவரும் அருகில் இருந்தார். அதற்கு முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன், சொல்லத்தான் வேண்டும் என்று அவரும் சொல்லியிருந்தார். மகன் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அம்மா யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். அதனால்தான் பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்" என்றார்.

டென்மார்க்கில் 2,668 நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிறகு அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முந்தைய மணி நேரத்தைவிட 2.4 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு 2.4. நான் அதைப் படித்த அன்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே நாட்டில் இன்னொரு குழு, அறுவைக்கு முன்னும் பின்னும் தொற்றையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்கோப்பாகக் கவனித்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. முப்பது நாளுக்குள் இறப்பவர்கள் 27 சதவீதத்திலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். அந்த வித்தியாசத்தில் தையல் முறைக்குப் பங்கே இல்லை. கத்தியைத் தொடுவதற்கு முன்பும் தொட்டு முடித்த பிறகும் நடந்த கவனிப்பு அது.

இதனால்தான் சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி நல்லதா, வயிற்றைத் திறப்பது நல்லதா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1990இல் தொடங்கிய லேப்ராஸ்கோப்பி முறையில் வலி குறைவு, வெட்டுக்காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. பழகிய கை இருந்து, நோயாளியின் நிலைமை இடம் கொடுத்தால் நானும் அதைத்தான் செய்கிறேன். துளை இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பேச்சு வேறு: அங்கே ஒமென்டம் மட்டும் போதாது, இரைப்பையின் ஒரு பகுதியை நீக்குவது வரை போக வேண்டியிருக்கும், சேதமும் அதிகம். ஆனால் பெரும்பாலான துளைகள் சின்னவை. எந்த வழியாக உள்ளே போனாலும் அதே மூன்று நூல், அதே நாக்கு.

அறுவையே இல்லாமல் குணமாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத் தகுந்த கேள்விதான். 1946இல் ஹெர்மன் டெய்லர் இரைப்பையைக் குழாய் வழியாகத் தொடர்ந்து காலி செய்தே பலரைக் காப்பாற்றியதாக எழுதினார். ஒமென்டமோ கல்லீரலின் ஓரமோ தானாகவே வந்து ஒட்டி ஓட்டையை அடைத்துவிடும் நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 1989இல் ஹாங்காங்கில் 83 பேரை வைத்து நடந்த ஆய்வில், அறுவையின்றிச் சிகிச்சை தொடங்கிய 40 பேரில் 11 பேருக்குப் பலிக்காமல் அறுவை தேவைப்பட்டது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த முறை அதிகம் தோற்றது. மிகவும் உறுதியான நிலையில் இருப்பவர்களுக்கு, கசிவு நின்றுவிட்டது என்று படத்தில் தெரிந்தால், மணிக்கொரு முறை பார்க்க ஆள் இருந்தால், செய்யலாம். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் செய்ய மாட்டேன். 'கவனிக்கவும்' என்று எழுதுவது எவ்வளவு சுலபம், கவனிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டையை அடைத்தால் புண் போய்விடுமா? போகாது. ஒரு காலத்தில் இதற்காகவே பெரிய அறுவைகள் செய்தார்கள்; 1943இல் டிராக்ஸ்டெட் தொடங்கிவைத்த முறையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பையே வெட்டினார்கள். நரம்பை வெட்டினால் இரைப்பை காலியாகாது, அதற்கு இன்னொரு வழி திறக்க வேண்டும், அதற்கு இன்னொரு தொல்லை. 1976இல் சிமெடிடின் வந்து அமிலத்தை மாத்திரையால் அடக்க முடிந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று நாம் அழைக்கும் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தோம்; காரணம் பெரும்பாலும் ஒரு கிருமி.

அறுவை மருத்துவர்களுக்கு இதன் பொருள் மிகப் பெரியது. 2000இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வில், கிருமி இருந்தவர்களுக்கு ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு, ஒரு பிரிவினருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்தும் மறு பிரிவினருக்கு அமிலம் குறைக்கும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது புண் திரும்பியது முதல் பிரிவில் 4.8 சதவீதம், இரண்டாவதில் 38.1. நரம்பை வெட்டிய காலம் அத்துடன் முடிந்தது. இரண்டு வாரம் மாத்திரை. அதைச் சொல்லி அனுப்பாமல் தையலை மட்டும் பிரித்து அனுப்பும் மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். இரைப்பையிலேயே ஓட்டை என்றால் ஓரத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புண் ஆறியதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்கவும் வேண்டும். சில சமயம் புண்ணாகத் தெரிவது புற்றுநோயாக இருக்கும்.

கிருமி இல்லாதவர்களிடம் கேட்டால் மற்ற காரணம் கிடைத்துவிடும். மூட்டுவலி, முதுகுவலி, தலைவலி மாத்திரை. இரைப்பை தன்னைத்தானே அரித்துக்கொள்ளாமல் காக்கும் சளிப்படலத்துக்கு உடலில் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் தேவை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அந்தப் பொருள்களின் உற்பத்தியைத்தான் நிறுத்துகின்றன. வலி குறைவதும் அதனால்தான், இரைப்பை காவலிழப்பதும் அதனால்தான். அந்த அம்மா ஆறு ஆண்டுகளாக முழங்காலுக்கு தினமும் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று நான் கேட்டபோது இல்லை என்றார். அது அவருக்கு மருந்தாகவே தோன்றியிருக்கவில்லை.

போன ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு 37 வயது. வலி தொடங்கி ஐந்து மணி நேரம். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள்: "இப்போது குறைந்துவிட்டது டாக்டர். இவள்தான் பயப்படுகிறாள்."

மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "குறைந்துவிட்டது என்றுதான் சொல்கிறார். ஆனால் இவர் தூங்கும்போதுகூட ஓரிடத்தில் படுக்க மாட்டார் டாக்டர். இரண்டு மணி நேரமாக ஒரு பக்கமாகவே படுத்திருக்கிறார். மகள் ஓடிவந்து மடியில் விழப்போனபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை."

நான் அவரை இருமச் சொன்னேன். முயன்றார், முடியவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே, இரண்டரை மணி நேரத்தில் மேசை. ஏழு மில்லிமீட்டர் துளை, தெளிவான நீர், சீழ் இல்லை. நான்காம் நாள் எழுந்து நடந்தார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். கிருமி இருந்தது, மருந்து கொடுத்தோம். புகைப்பழக்கமும் இருந்தது, அதை விடச் சொன்னேன். மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்துச் செய்த மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை.

அந்தச் சோதனை முடிவை வாங்க வந்த அன்று மனைவி கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேசையில் கொட்டினார். பாதி தீர்ந்த அட்டைகள், பெயர் கிழிந்த அட்டைகள், யாரோ உறவினர் விட்டுப்போனவை. ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் படித்துப் பிரித்தோம். பாராசிட்டமால் இந்தப் பக்கம். முதுகுவலிக்கு அவர் வாங்கியது அந்தப் பக்கம். பல்வலிக்கு வாங்கியது அந்தப் பக்கம். கடைசியில் ஒரு சளி மாத்திரை அட்டை மிஞ்சியது. மனைவி அதைக் கையில் எடுத்து, "இது சளிக்குத்தானே டாக்டர், இதுவுமா?" என்று கேட்டார். திருப்பிக் காட்டினேன். சிறிய எழுத்தில், மூன்றாவது வரியில், ஐபுபுரோஃபென் என்று இருந்தது. அவர் கண்ணுக்கு அருகில் வைத்து இரண்டு முறை படித்துவிட்டு, அந்தப் பக்கத்துக் குவியலில் வைத்தார்.